இடது கதவின் விளிம்பு

ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது நாற்பத்தொன்று.

குருவின் பெயர் கமருன்னிசா. மேட்டுப்பாளையத்தில் ஒரு தகர ஷெட். பழைய கார்களை விற்க நினைப்பவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வண்டியைத் தட்டி, தடவி, முகர்ந்து பார்த்து, அது எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிக் கொடுப்பார். "கமரு எழுதினா வண்டியே எழுதின மாதிரி" என்று மலைக்கு மேலும் கீழும் பேச்சு.

சீடருக்கு அதற்கு முன் வேறு தொழில். கோயம்புத்தூர் உக்கடத்தில் முப்பத்துநான்கு வருடம் பழைய கார் புரோக்கர். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். தொண்டைக்குள் பத்துப் பதினைந்து பேர் வாடகை தராமல் குடியிருந்தார்கள். "டாக்டர் வீட்டு வண்டி" என்று சொல்லி விற்பார். வாங்குகிறவர் சந்தேகப்பட்டால் போனில் டாக்டர் பேசுவார். டாக்டரின் மனைவி பேசுவார். பின்னணியில் டாக்டரின் நாய் குரைக்கும். மூன்றும் ஆவுடையப்பன்தான்.

ஒரு மத்தியானம் வீட்டில் அவருக்கு நெஞ்சு வலித்தது.

"எய்யா, நெஞ்சப் போட்டுப் பிசையுதே" என்றார்.

மகள் சிரித்தாள். "அப்பா, இது யாரு குரலு? புதுசா இருக்கு."

மருமகன் கைதட்டினார். பேத்தி, "தாத்தா, இன்னொருக்கா" என்றாள்.

ஆவுடையப்பன் தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் மேட்டுப்பாளையம் பஸ் நின்றிருந்தது. கமருவைப் பற்றிய பேச்சு ஞாபகம் வந்தது. ஏறிவிட்டார்.

ஷெட்டில் ஒரு ஜீப் நின்றது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன வேணுங்ணா?" என்று ஜீப் கேட்டது.

"நான் சொல்லுதத ஒருத்தராவது நம்பணும்மா."

"எத்தன நாளைக்குள்ளங்ணா?"

ஜீப்பின் அடியிலிருந்து எண்ணெய் படிந்த ஒரு கை நீண்டது.

"அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடுங்க."

தீட்சை அவ்வளவுதான்.

கமருன்னிசாவின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு இடப்பக்கம் வண்டி சொன்னது. வலப்பக்கம் ஆள் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அவர் சண்டை பிடிக்கமாட்டார். இரண்டையும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். எழுதியதை அடிக்கவும் மாட்டார்.

"எது நெசம்னு நாம எழுத வேண்டாமாம்மா?" என்று சீடர் முதல் வாரம் கேட்டார்.

"வாங்கறவங்களுக்கும் கண்ணு இருக்குதுங்ணா."

ஏழு மாதம் கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை குன்னூருக்குப் போகும்போது, கமருன்னிசா நோட்டை அவரிடம் கொடுத்தார்.

"இன்னிக்கு நீங்க எழுதுங்க. கீழ உங்க பேரு."

குன்னூரில் அந்த வண்டி ஓட்டு ஷெட்டில் நின்றது. இங்கிலாந்தில் செய்தது. வெளிர் மஞ்சள். கூரைக்குப் பதில் பின்னால் மடித்துவிடுகிற கித்தான். உள்ளே இரண்டே இருக்கைகள். ஒரு தோட்டத்து வெள்ளைக்காரர் தனக்கென்று வரவழைத்தது. கப்பல் கொச்சிக்கு வந்து சேர்வதற்குள் அவர் ஊரைக் காலி செய்துவிட்டார். பெட்டி பிரிக்காமல் கிடந்த வண்டியை வாங்கியவர், தேயிலை ஃபேக்டரியில் அப்போது இளம் அதிகாரியாக இருந்த ஜெயசிங். அன்றைக்கு அடித்திருந்த பெயின்ட்தான் இன்றும். ஒரு பாகம் மாற்றியதில்லை. மனிதருக்குத்தான் எண்பத்தாறு ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் மார்த்தாண்டத்துக்கு, தங்கை மகன் வீட்டோடு போகிறார்.

"அங்க சந்து, மக்ளே" என்றார் கமருன்னிசாவிடம். "ஸ்கூட்டரே சாஞ்சுதான் போவும். இத எங்க கொண்டு நிறுத்த?"

வண்டியைக் கேட்டு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஊட்டியில் கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடுபவர். வாங்கியதும் ரோஸ் கலர் அடித்து, சீட்டைப் பிடுங்கி வெல்வெட் போட்டு, பெண் மாப்பிள்ளையை உட்காரவைப்பாராம்.

"ரோஸ் கலரு! அதுக்கு நான் இத மலையில இருந்து உருட்டி விட்டுருவேன்."

இன்னொருவர் கோயம்புத்தூரில் நூல் மில் வைத்திருக்கும் ராஜகணபதி. அவருக்குப் பிறர் கைவைக்காத பழைய வண்டிதான் வேண்டும். வாங்கினால் அப்படியே வைத்துக்கொள்வார். ஒரு இடத்தைத் தொட்டிருந்தாலும் வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தார். சாயந்தரம் நாலு மணிக்கு வருகிறார்.

கமருன்னிசா சொல்லச் சொல்ல ஆவுடையப்பன் எழுதினார்.

"கித்தான்ல ஏழு கிழிசல். நாலு வெயிலு. மூணு எலி."

"எலியா? எனக்க வீட்டுல எலியே கிடையாது" என்றார் ஜெயசிங்.

வலப்பக்கம் ஆவுடையப்பன் எழுதினார்: எலி கிடையாது. கித்தான் மடிப்பிலிருந்து ஒரு எலி குதித்து, மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடியது.

"இதையும் எழுதணுமாம்மா?"

"வண்டியோட சேத்தித் தர்றாங்களான்னு கேட்டுட்டு எழுதுங்ணா."

ஜெயசிங் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். தன் சத்தத்தைத் தானே திரும்பிப் பார்த்தார்.

"ஓட்டறவங்க காலடித் தகரம், துரு. வெரலு போகுது. பிரேக்கு மிதி தேஞ்சிருக்குது. வலது கதவு கீலு ஆடுது." கமருன்னிசா சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார். "இடது கதவு கீலு ஆடலீங். கிரீஸ் காஞ்சு அப்படியே நிக்குது. இந்தப் பக்கம் காலடித் தகரம் புதுசு மாதிரி."

பிறகு கதவின் மேல் விளிம்பில் விரல்களை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்க ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் இல்ல. வெளிப்பக்கம். தகரம் தெரியுது."

"கேட்டுல உரசுனது" என்றார் ஜெயசிங். "மக்ளே, அந்த எடத்துக்கு மட்டும் கொஞ்சம் பெயின்ட் வச்சா என்ன?"

"உரசினா கோடு விழுமுங்க. இது வழவழன்னு இருக்குது."

இடப்பக்கம்: வெளியிலிருந்து, மெதுவாக, பல வருடம். வலப்பக்கம்: கேட் உரசியது.

கமருன்னிசா இடது இருக்கையை உள்ளங்கையால் அழுத்தினார். ஸ்பிரிங் கையைத் திருப்பித் தள்ளியது. வலது இருக்கையோ ஒரு மனிதனின் அச்சாகக் குழிந்து, தையல் விட்டுக் கிடந்தது.

"இந்த சீட்டு எப்ப மாத்துனதுங்க?"

"மாத்தவே இல்ல. கப்பல்ல வந்த சீட்டு."

"யாரும் உக்காரலீங்களா?"

"என்ன கேள்வி இது? எனக்க தங்கபாய் இருபத்தொம்பது வருஷம் அதுல இருந்தாக்கும் சபைக்கு வந்தா. ஞாயித்துக்கெழம ஒண்ணு விடாம. கோயம்புத்தூர்க்காரரு கிட்டயும் சொன்னேன். அம்மா இருந்த சீட்டத் தொடவே மாட்டேன்னாரு."

தங்கபாய் அவர் மனைவி. இறந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. ஜெயசிங் சொன்னதை மறுத்துப் பேச அந்தத் தெருவில் ஒருவரும் மிச்சமில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் சபைக் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்.

ஆவுடையப்பன் பேனாவோடு குருவைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் எழுதுங்ணா" என்றார் கமருன்னிசா.

கடைசியாகக் கியர் பெட்டியின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார்.

"முதல் கியர் பல்லு மழுங்கத் தேஞ்சிருக்குது. ரெண்டு, மூணு, நாலு எல்லாம் கூர்மையா இருக்குது."

"மலைப்பாதைலா. அப்படித்தான் இருக்கும்" என்றார் ஆவுடையப்பன்.

"மலைன்னா ரெண்டாவதும் தேயணுங்ணா."

ஜெயசிங் எதிரே இருந்த தேயிலைச் சரிவைப் பார்த்தார். "நான் மெதுவா ஓட்டுதவன்" என்றார்.

வலப்பக்கம்: மெதுவாக ஓட்டுபவர்.

மூடியைக் கழற்றியதில் அதன் பேக்கிங் கிழிந்துவிட்டது. புதுசு வாங்கக் கமருன்னிசா கடைவீதிக்குக் கிளம்பினார்.

"எதையும் தொடாதீங்ணா."

குரு போனதும் ஜெயசிங் சீடர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஓய், ஆவுடையப்பன்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அந்த மில்லுக்காரரு சீட்டப் பாத்தா என்ன நெனப்பாரு?"

"மாத்தின சீட்டுன்னு நெனப்பாரு. வேண்டாம்னுட்டுப் போயிருவாரு."

"இல்லன்னு சொன்னா?"

"அப்ப அம்மா உக்காந்தது பொய்யின்னு நெனப்பாரு."

ஜெயசிங் ஷெட் தூணைப் பிடித்துக்கொண்டார். "நீரு முப்பது வருஷம் பழச எல்லாம் புதுசாக்கி வித்தவருன்னு அந்தப் பிள்ளை சொன்னா. புதுச... கொஞ்சம் பழசாக்கத் தெரியுமா வேய்?"

முடியாது என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். ஆவுடையப்பன் தொண்டைக்குள் தேடினார். அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கும் அந்தச் சொல் பழக்கமில்லை. பெரியவர் தூணை விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புத்தாள் இருக்கா அண்ணாச்சி?"

இருந்தது. ஆவுடையப்பன் இடது இருக்கையின் ஓரத்தை வட்டவட்டமாகத் தேய்த்தார். தோல் வெளுத்ததும் நிறத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தார்கள். ஜெயசிங் அடுப்படியிலிருந்து டிகாஷனை எடுத்துவந்தார். பஞ்சில் தொட்டு ஒற்றினார்கள். ஆவுடையப்பன் ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு அசைவு என்று கணக்கு.

"தங்கபாய் ஒல்லி" என்றார் ஜெயசிங். "அவ்வளவு அமுக்காதேயும்."

ஆவுடையப்பன் உடம்பைச் சுருக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒல்லியாக உட்கார்ந்தார். ஜெயசிங் மறுபக்கம் ஸ்டியரிங்கில் கைவைத்து நின்று பார்த்தார். பார்க்கக்கூடாததைப் பார்த்தவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாதி இருக்கை முடிந்தது. ஆவுடையப்பன் தாளைப் புதுப் பக்கமாக மடித்தார்.

"சீட்டு மட்டும் தேஞ்சா ஒட்டாது அண்ணாச்சி. கதவு மேல கையி வச்சிருப்பாவள்லா. உள்பக்கமும் கொஞ்சம் இழுக்கணும். வெளிப்பக்கம் இருக்க அந்தச் சொட்டையையும் சேத்துத் தேச்சுட்டா எல்லாம் ஒரே மாதிரி ஆயிரும்."

"செய்யும்" என்றார் ஜெயசிங்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

கமருன்னிசா ஷெட்டுக்குள் வந்து நின்றார். மூக்கை ஒருமுறை இழுத்தார்.

"தேயிலைக்காரங்க கார்ல காப்பி வாசம் வருதுங்களே."

ஆவுடையப்பன் இன்னும் இருக்கையில் ஒல்லியாகவே உட்கார்ந்திருந்தார்.

"எறங்குங்ணா."

இறங்கினார். கமருன்னிசா இருக்கையைப் பார்த்தார். தொடவில்லை. தரையில் உட்கார்ந்து கியர் பெட்டிக்குப் புதுப் பேக்கிங் போட்டு மூடினார். நோட்டை வாங்கி இடப்பக்கம் தன் கையால் எழுதினார்: மூடியின் பேக்கிங் இன்று மாற்றியது. மாற்றியவள் நான்.

பிறகு ஜெயசிங்கிடம் கேட்டார்.

"இந்த வண்டி யாரு கூடங்க நடந்துச்சு?"

ஜெயசிங் தூணில் சாய்ந்தார்.

"எப்படித் தெரியும்?"

"முதல் கியர் மட்டுந்தான தேஞ்சிருக்குது. அது மனுசங்க நடக்கற வேகமுங்க."

அவர் சொல்லத் தொடங்குவதற்குள் எதிர்ச் சரிவில் வெயிலை மேகம் மறைத்துவிட்டது.

"அவளக் கேக்காம வாங்கிட்டேன். கல்யாணம் ஆயி ஆறு மாசம். வண்டிய வாசல்ல கொண்டு நிறுத்தி, கதவத் தெறந்து, ஏறுன்னேன். 'என்னக் கேக்காம வாங்குன வண்டி. எனக்கு எதுக்கு'ன்னா. நடந்தா. எனக்கும் ரோசம். நான் எதுக்கு வண்டிய விட்டுட்டு நடக்கணும்? ஆனா அவளத் தனியா விட்டுட்டுப் போவ முடியுமா? கூடவே உருட்டுனேன். அவ ஓரமா நடப்பா. நான் ரோட்டப் பாத்து ஓட்டுவேன். சபை வரைக்கும் ஒண்ணர மைலு. வேற எங்கயும் எடுத்ததில்ல."

"பேசுவீங்களா?"

"அவளும் பேசமாட்டா. நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். வீட்டுக்குள்ள வந்தா எல்லாம் பேசுவோம். சண்டையே கிடையாது. அந்த ரோட்டுல மட்டும் அப்படி. சபை வாசல் வந்ததும் அவ ஒரு வார்த்தை சொல்லுவா. 'வந்துட்டோம்'ன்னு."

"மறுபடி கதவத் தெறந்தீங்களா?"

"அவளே கேக்கட்டும்னு இருந்துட்டேன்."

"அவங்க?"

"அவளும் அப்படித்தான் இருந்திருப்பா." ஜெயசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ போனதுக்கப்புறமும் அதே வேகந்தான். வேகமாப் போனா, அவள விட்டுட்டுப் போற மாதிரி இருந்துது."

ஆவுடையப்பன் குருவின் பக்கத்தில் போய் மெல்லக் கேட்டார்.

"எம்மா, தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கேன். இதைப் பெரியவரு யாருக்கு எதிரா சொன்னாரு? ஆருக்கும் நட்டம் இல்ல. உண்மைய எழுதுனா இவருக்குத்தான நோவும்? நோவக்கூடிய உண்மைய எதுக்கும்மா எழுதணும்?"

கமருன்னிசா சாவியை அவர் கையில் கொடுத்தார்.

"ஓட்டுங்ணா. சபை வரைக்கும். முதல் கியர்லயே போங்க, மாத்தாதீங்க."

பிறகு சுற்றிக்கொண்டு போய் இடது கதவைத் திறந்தார். கீல் கிரீச்சிட்டது.

"ஏறுங்கய்யா."

"அது அவளுக்க எடம்."

"தெரியுமுங்க."

ஜெயசிங் அசையவில்லை. கமருன்னிசா கதவைப் பிடித்தபடியே நின்றார். எதிர் மலையில் மேகம் இறங்கி, தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக மூடியது. பத்து வரிசை போயிற்று. இருபது போயிற்று. அவர் கையை எடுக்கவில்லை.

"நான் இவ்வளவு நேரம் புடிச்சுட்டு நிக்கல்ல" என்றார் ஜெயசிங்.

ஏறி உட்கார்ந்தார். டிகாஷன் ஈரம் வேட்டியில் ஒட்டியது. கமருன்னிசா கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"நீ ஏறலியா, மக்ளே?"

"எடமில்லீங்களே. நடந்து வர்றேன்."

வண்டி உருண்டது. ஆவுடையப்பன் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். கமருன்னிசா இடப்பக்கம் ஓரமாக, கதவை ஒட்டி நடந்தார். முக்காடு காற்றில் அடித்தது. எஞ்சின் முனகிக்கொண்டே வந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, விலகிப் போயிற்று. ஜெயசிங் நேரே பார்த்தபடி இருந்தார். பழைய வழக்கம்.

மைல் கல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. சபை வரைக்கும் ஏற்றம்தான். கமருன்னிசாவுக்கு மூச்சு வாங்கியது. நடை தளர்ந்தது. அவர் கை தானாக உயர்ந்து கதவின் மேல் விளிம்பில் உட்கார்ந்தது. ஏற்றத்தில் நடக்கிறவள் கைவைக்க அந்த உயரத்தில் வேறு இடமில்லை.

பெயின்ட் இல்லாத அந்த ஒரு சாண் இடம் அவர் உள்ளங்கைக்கு அடியில் மறைந்துபோனது.

ஜெயசிங் இடப்பக்கம் திரும்பினார். பார்த்தார். மறுபடி ரோட்டைப் பார்த்தார். மறுபடி திரும்பினார்.

"அங்க எதுக்குக் கைய வச்ச?"

"ஏத்தமுங்க."

சபை வாசலில் ஆவுடையப்பன் வண்டியை நிறுத்தினார். கமருன்னிசா கையை எடுத்தார். ஜெயசிங் கதவுக்கு வெளியே கையை விட்டு, அந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. தகரம் குளிர்ந்திருந்தது.

"வந்துட்டோம்" என்றார்.

கல்லறைத் தோட்டத்துப் பக்கமிருந்து காற்று மட்டும் வந்தது.

திரும்பி வந்ததும் அவரே நோட்டைக் கேட்டார்.

"கேட்டுல உரசுனதுன்னு இருக்கே. அத அடிச்சிரும் வேய்."

"அடிக்க மாட்டோம் அண்ணாச்சி. வேணும்னா கீழ எழுதலாம்."

"அப்பம் எழுதும். தெரியாமச் சொன்னது. அது அவளுக்க கை பட்ட எடம்."

ஆவுடையப்பன் எழுதினார்.

"அந்த சீட்டு. தங்கபாய் இருந்தான்னு சொன்னேம்லா. அதுக்குக் கீழயும் எழுதும்." ஜெயசிங் கொஞ்சம் நின்று சொன்னார். "தெரிஞ்சே சொன்னது."

நாலு மணிக்கு ராஜகணபதி வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. நோட்டை நின்றபடி ஒருமுறை படித்தார். உட்கார்ந்து இன்னொருமுறை படித்தார்.

"போன்ல வேற மாதிரி சொன்னீங்களேங்கய்யா."

"சொன்னேன்" என்றார் ஜெயசிங்.

ராஜகணபதி வண்டியைச் சுற்றி வந்தார். இடது இருக்கையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"அடடா. இதாருங்க பண்ணுனது?"

ஆவுடையப்பனின் தொண்டைக்குள் பதினைந்து பேரும் எழுந்து நின்றார்கள். போன மாதம் வேலையை விட்ட டிரைவர் ஒருவன் தயாராக இருந்தான். ஊட்டிக்காரர் வந்து சுரண்டிப் பார்த்ததாகச் சொல்ல ஒரு சமையற்காரி இருந்தாள். எலிகூட இருந்தது.

"நாந்தான்யா" என்றார். அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "இன்னைக்குப் பதினோரு மணிக்கு. உப்புத்தாளும் காப்பி டிகாஷனும்."

"எதுக்குங்க?"

"பொய்க்குத் தோதா இருக்கட்டும்னு."

ராஜகணபதி அவரை மேலும் கீழும் பார்த்தார். "கைவெச்ச வண்டி எனக்கு வேண்டாம்னு மொதல்லயே சொல்லியிருந்தேன்."

"ஆமாய்யா."

ராஜகணபதி இடது கதவருகே போனார். விளிம்பைத் தொடக் கையை நீட்டினார். நோட்டில் இருந்த இடம் அதுதான் என்று தெரிந்ததும் கையை மடக்கிக்கொண்டார்.

"வண்டிய எடுத்துக்கறனுங்க. அந்த சீட்டும் இப்படியே இருந்துட்டுப் போகட்டுங்க" என்றார். பிறகு ஆவுடையப்பனிடம், "நீங்க சொன்னத நம்பறனுங்க" என்றார்.

ஏழு மாதமாக அவர் காத்திருந்த சொல். தப்பை ஒப்புக்கொண்டதற்குத்தான் கிடைத்தது. ஆவுடையப்பன் நோட்டின் அடியில் தன் பெயரை எழுதினார்.

ராஜகணபதி தானே ஓட்டிப் போனார். கேட்டைத் தாண்டியதும் இரண்டாவது கியர் விழுந்தது. பிறகு மூன்றாவது. வளைவுக்குள் வண்டி சட்டென்று காணாமல் போயிற்று.

ஜெயசிங் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது இவ்வளவு வேகமாப் போவும்னு எனக்குத் தெரியாது" என்றார்.

ஷெட்டின் கதவைச் சாத்தாமலே வீட்டுக்குள் போனார். உள்ளே விளக்குப் போடும் சத்தம் கேட்டது. ஒரு விளக்குதான்.

கீழே இறங்கும் பஸ்ஸில் குருவும் சீடரும் முன்பின் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியது.

ஆவுடையப்பன் முன்பக்கம் குனிந்து கேட்டார்.

"எம்மா, நோவக்கூடிய உண்மைய எதுக்கு எழுதணும்னு கேட்டேன். நீங்க பதிலே சொல்லலியே."

கமருன்னிசா திரும்பவில்லை.

"அந்த உப்புத்தாள் எங்கங்ணா?"

ஆவுடையப்பன் சட்டைப் பையில் கைவிட்டார். மடித்த தாள் இருந்தது. வெளியே எடுத்தார். ஒரு பக்கம் வழுக்கையாகி, காபி நிறத்தில் இருந்தது. மடித்த மறுபக்கம் சொரசொரவென்று அப்படியே இருந்தது.

"பாதி மிச்சம் இருக்கும்மா."

"அந்தப் பாதியிலதாங்ணா அந்தம்மா கைத் தடம் அழிஞ்சு போயிருக்கும்."

ஆவுடையப்பன் தாளைப் பார்த்தார். மேட்டுப்பாளையம் வரும்வரை எந்தக் குரலிலும் பேசவில்லை.